ஏசி ரூமில் நின்ற மூச்சு

சிவியர் என்று சொன்னதும் இதே வாய்தான். இப்போது மைல்டு என்று சொல்வதும் இதே வாய்தான். நடுவில் அப்படி என்ன அதிசயம் நடந்துவிட்டது என்று விளங்காமல், ஜெனோவா டாக்டர் வடிவின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் லிகோரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளக்கம் ஒன்றும் வேண்டாம். கிரேனில் ஏறலாம் என்று சொல்லிவிட்டார்கள், அது போதும்.

சங்கதி இதுதான். லிகோரிக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. உலகத்தில் பாதிக் கிரேன்கள் தானாகவே ஓடுகிற காலம் வந்துவிட்டது. ஆனால் தூத்துக்குடிக் காற்று எந்த மெஷினின் பேச்சையும் கேட்பதில்லை. காற்றுக் காலத்தில் ஒரு மனுஷன் மேலே ஏறி உட்கார்ந்துதான் கண்டெய்னரை இறக்க வேண்டியிருக்கிறது. அத்தனை உயரத்தில் உட்காருகிறவன் தூங்கி விழுந்தால் கீழே நிற்கிறவர்கள் கதி என்ன ஆவது? அதனால் கிரேன் ஆள் ஒவ்வொருவன் படுக்கையறையிலும் ஒரு 'காது' மாட்டியாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். பேர்தான் காது. பார்க்க உளுந்தவடை மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கத்தில் மூச்சு எத்தனை தடவை நிற்கிறது என்று கேட்டு எண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும்.

கோடையில் மாட்டிய காது, மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்பதாகச் சொன்னது. 'சிவியர் ஸ்லீப் ஆப்னியா' என்றார் டாக்டர் வடிவு. லிகோரியைக் கிரேனிலிருந்து இறக்கி, துறைமுக வாசல் கேட்டில் லாரி நம்பர் பார்க்க உட்காரவைத்தார்கள். படுக்கும்போது மூக்கில் மாட்ட மாஸ்க்கும் காற்று ஊதுகிற மெஷினும் கொடுத்தார்கள். வாயில்லா ஜீவன் மாதிரி அதையும் மாட்டிக்கொண்டு படுத்தான். எண்ணிக்கை இறங்கவே இல்லை. இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததில்லை என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். அந்த டாக்டர்தான் இப்போது, மணிக்கு ஏழோ எட்டோதான் நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, மாஸ்க்கைக் கழற்றிவிடலாம், செவ்வாய்க்கிழமையிலிருந்து கிரேன் ஏறலாம் என்கிறார். கேப்பையில் நெய் வடியுது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போச்சு?

"மாஸ்க் போட்டே கேக்காத வியாதி, இப்ப எப்படி டாக்டரம்மா தானா சரியாச்சு?" என்று கேட்டாள் ஜெனோவா.

"சரியாகலம்மா. அவருக்கு எப்பவுமே லேசாத்தான் இருந்திருக்கு. காது பதிஞ்சு வச்சதையெல்லாம் திரும்பக் கேட்டு எண்ணிப் பாத்தாச்சு. பழைய எண்ணிக்கைதான் தப்பு."

"பழசு தப்புன்னா புதுசு மட்டும் சரின்னு எப்படி நம்புறது? நான் பக்கத்துலதான கெடக்கேன். மூச்சு நிக்கது என் காதுல கேக்குது. தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கேன். இவங்களப் புடிச்சு உலுக்குதேன்."

டாக்டர் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். பிறகு, லிகோரியைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் சொல்லியாயிற்று, நீங்களாக வேறு எதைப் பற்றியாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள் என்றார். ஜெனோவாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போ என்பதை இந்தப் படித்தவர்கள் இப்படித்தான் பதவிசாகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசியைக் களைய மறந்தாள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். லிகோரியோ கிரேன் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணிக்கொண்டு பாட்டு வேறு பாடினான். கேட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் மனுஷன் பாதியாய் இளைத்திருந்தான். சின்னப் பயல்களெல்லாம் 'என்ன அண்ணாச்சி, இன்னும் தூக்கம் தெளியலையா' என்று நக்கல் அடித்திருக்கிறார்கள். அதையெல்லாம் நினைத்தால் அவன் ஏறட்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் ஏறி, மேலே கண் சொருகி, கம்பியோடு கம்பியாய் விழுந்து செத்தால்? தாலி கழுத்தில் கிடக்கிற வரைக்கும் இவனை அந்தக் கூண்டுக்குள் ஏறவிடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

டாக்டரைத் துறைமுகம் விலைக்கு வாங்கிவிட்டது என்பது அவள் முடிவு. மழைக்காற்று தொடங்கப்போகிறது, ஏற ஆள் பற்றவில்லை, சிவியரை மைல்டு ஆக்கு என்று யாரோ மேலேயிருந்து சொல்லியிருப்பார்கள். லிகோரியிடம் சொன்னாள். அவன், உன் மண்டைக்குள்ளே யாரோ உட்கார்ந்து நாடகம் எழுதுகிறான் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மடித்தான்.

அவளுக்கும் உடம்பு சரியில்லைதான். தலைவலியோடுதான் விடியும். வாய் காய்ந்து ஒட்டிக்கிடக்கும். பிள்ளைகள் ஏறும் பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஊரில் பாதி வண்டிகள் டிரைவர் இல்லாமல் ஓடினாலும், பிள்ளைகள் போகிற வண்டியை ஒரு மனுஷிதான் ஓட்ட வேண்டும் என்று தாய்மார்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். அப்படி வந்த வேலை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும். இருக்காதா பின்னே? புருஷன் மூச்சை ராவெல்லாம் காவல் காக்கிறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அந்த வேனில்தான் டாக்டர் வடிவின் மகள் மிருதுளாவும் வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு வந்த மறுநாளே, மிருதுளா இனி வேனில் வரமாட்டாள் என்று டாக்டர் வீட்டிலிருந்து செய்தி வந்தது. காரணம் சொல்லவில்லை. ஜெனோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கேள்வி கேட்டதற்குப் பிழைப்பிலேயே கைவைக்கிறாளே, இவளெல்லாம் ஒரு டாக்டரா என்று அன்று முழுக்கக் கறுவினாள். டாக்டருக்குக் குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் குறுகுறுக்கிறது என்றும் நிச்சயம் பண்ணிக்கொண்டாள்.

சரி, டாக்டர் பொய் சொன்னால் நாமே நிரூபிப்போம் என்று இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, சீலா மீன் குழம்பும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு லிகோரி ஏசி ரூமில் படுக்கப் போனான். அந்த வீட்டில் ஏசி அந்த ஒரே ரூமில்தான். படுக்கிறது, படிக்கிறது, பயறு உடைக்கிறது எல்லாம் அதற்குள்ளேதான். காது மாட்ட வந்தவர்கள் நோயாளி மட்டும் தனியாகப் படுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சொல்வதற்கு அவர்களுக்கென்ன? இந்த ஊர் வெக்கையில் அடுத்த ரூமில் படுத்தால் காலையில் கருவாடாகத்தான் எழுந்திருக்க வேண்டும். ஆகட்டும் சார் என்று தலையை ஆட்டிவிட்டு, ஜெனோவா அவன் கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்துப் படுத்து வந்தாள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

அன்றைக்குப் பாயை விரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபோனை எடுத்து ரெக்கார்டிங்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். இவன் மூச்சு நிற்பதைப் பதிவு பண்ணி டாக்டர் மூஞ்சியில் வீசுவதாகத் திட்டம். லிகோரி, எடு எடு, நான் செத்தாலும் எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். அவளும் கடுங்காப்பி குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கண்ணை அகல விரித்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு நின்றது. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஏசி இரைகிறது, மூச்சு மட்டும் இல்லை. தூக்கிவாரிப் போட்டு எழுந்து, லிகோரியின் தோளைத் தேடிக் கையை நீட்டினாள். கட்டிலில் அவன் இல்லை. தரையில் மண்டிபோட்டு, அவளுடைய தோள் இரண்டையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"ஏளா, நான் தூங்கவே இல்ல. நீ ஃபோன வச்சிக்கிட்டு முழிச்சா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? சும்மா கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். நின்னது உன் மூச்சு."

அவள் போங்க என்றாள். விளையாடாதீங்க என்றாள். பிறகு குரலை உயர்த்தி, டாக்டர் பக்கம் சேர்ந்துகொண்டு நடிக்கிறீர்களா என்று கேட்டாள். அவன் ஃபோனை எடுத்து ஓடவிட்டான். முதலில் ஏசிச் சத்தம். அப்புறம் ஒரு குறட்டை, பொம்பளைக் குறட்டை. அது தொண்டையில் சிக்கி நின்றது. நின்றது நின்றதுதான், வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீருக்குள்ளேயிருந்து தலையைத் தூக்கினவள் போல ஒரு பெருமூச்சு. மறுபடியும் குறட்டை, மறுபடியும் நிற்பது. இத்தனை மாதமாக அவள் காவல் காத்த மூச்சு அதுதான்.

ஜெனோவா ஃபோனை அணைத்தாள். தன்னைப் பற்றிய பயம் அப்போது வரவில்லை. வேனும் பிள்ளைகளும்தான் கண் முன்னால் வந்தார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் டாக்டர் வீட்டுக்கே போனார்கள். மிருதுளா பாட்டு கிளாஸுக்குப் போயிருந்தாள். டாக்டர் முன்னறையில் உட்காரவைத்தார். ஜெனோவா தண்ணீர்கூட வாங்கவில்லை. அவள் இத்தனை நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"டாக்டரம்மா, என் மூச்சு எப்படி இருக்கு?"

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். எழுந்து போய்ப் பதிவுக் கருவியை எடுத்துவந்து நடுவில் வைத்தார். யாரும் தூண்டாமல் தானாகக் கேட்பதாகவும், சொல்வதற்குச் சம்மதம் என்றும் ஜெனோவா தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். சொன்ன நிமிஷமே கணக்கு போக்குவரத்து ஆபீசுக்கும் போகும், வேன் லைசன்ஸ் நின்றுபோகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெனோவாவுக்கு அந்த வேனை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. லிகோரி கேட்டில் குறுகி உட்கார்ந்திருந்தபோது குடும்பத்தை நிமிர்த்திப் பிடித்தது அந்த வேன்தான். அவள் லிகோரியைப் பார்த்தாள், பிறகு கருவியைப் பார்த்தாள்.

"நானாத்தான் கேக்கேன். சம்மதம்."

"நாப்பதுக்கு மேலம்மா. அத்தனையும் உங்களோடது. மாஸ்க்கைத் தப்பான மூக்குல மாட்டிட்டேன்."

பிறகு டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். பழைய கணக்கில் ரூமில் கேட்ட மூச்செல்லாம் லிகோரி பேரில் ஏறியிருந்தது. இப்போது நாம் குரலை வைத்து ஆளைப் பிரிப்பது மாதிரி, காது பதிந்த மூச்சையும் ஆளாளுக்குப் பிரிக்க முடிகிறது. பிரித்துப் பார்த்தபோது லிகோரிக்கு லேசு, கூட இருந்த இன்னொருவருக்குத்தான் கடுமை. ஆனால் அந்த இன்னொருவரைப் பற்றிப் பேச மூச்சு ரகசியச் சட்டம் விடாது. சட்டம் வந்த காரணம் ஊருக்கே தெரியும். காது கடையிலும் கிடைக்க ஆரம்பித்த புதிதில், குடியிருப்பவன் இருமுகிறான் என்று வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் சுவர்க் காதை வைத்துப் பெண்ணுக்கு வீசிங் என்று கண்டுபிடித்துக் கல்யாணத்தையே நிறுத்தினார்கள். அதனால்தான், சம்மதம் சொல்லாதவர் மூச்சைப் பற்றி அவரிடமேகூட வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள்.

"ஜாடையாவது காட்டியிருக்கலாமே," என்றான் லிகோரி.

"ரூம்ல யாராவது கூட இருந்தாங்களான்னு கேட்டாலே என் பட்டம் போயிரும். நீங்களா வந்து கேக்க மாட்டீங்களான்னு தினமும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஜெனோவா நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள்.

"ஆனா மிருதுளாவ மட்டும் வேன்லருந்து நிப்பாட்டிட்டீங்க."

"அவ என் பிள்ளைம்மா."

"மத்த பிள்ளைக?"

டாக்டர் அழவில்லை. அழுதிருந்தால் ஜெனோவாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். டாக்டர் எழுந்து போய், அவள் மூக்குக்கு அளவான மாஸ்க்கை எடுத்துவந்து எப்படி மாட்டுவது என்று காட்டிக்கொடுத்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் லிகோரி டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினான். ஜெனோவாதான் தடுத்தாள். பாவம், அந்த அம்மா கையையும் சட்டம் கட்டித்தானே போட்டிருக்கிறது, சொந்தப் பிள்ளை என்றால் நாமும் அதைத்தான் செய்திருப்போம் என்று சொன்னாள். நிஜமாகவே அவளுக்கு அப்படித்தான் பட்டது.

திங்கட்கிழமை கேட் வேலைக்கு லீவு சொல்லி, கிரேன் ஏறுவதையும் இரண்டு நாள் தள்ளிப்போட்டு, வேனை லிகோரி ஓட்டினான். ஜெனோவா பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். காலையில் வாசலில் நின்ற தாய்மார்களிடம் கழுத்துச் சுளுக்கு, இரண்டு நாளைக்கு அவுகதான் ஓட்டுவாக என்று சொல்லிவைத்தாள். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது? லைசன்ஸ் போன சங்கதி மெல்லத் தெரியட்டும், வேறு டிரைவரைத் தேடிக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

காலையில் புது டிரைவரைப் பார்த்து வாயடைத்திருந்த பிள்ளைகள் சாயங்காலம் வாயைத் திறந்தன. நாலாம் வகுப்பு அஃப்ரின் நகர்ந்து நகர்ந்து ஜெனோவா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இனிமேல் அங்கிள்தான் ஓட்டுவார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஜெனோவா.

"அப்ப இனிமே முறை வேண்டாமா ஆன்ட்டி?"

"என்ன முறை?"

அஃப்ரின் மற்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாம் என்று ஒரு பெரிய பெண் தலையாட்டினாள்.

"உங்க பின் சீட்டுல உக்கார முறை. சிக்னல்ல நீங்க தூங்கிருவீங்கல்லா, பச்ச விழுந்ததும் தோளத் தட்டணும். திங்கக்கெழம நான். மிருதுளா போனதுக்கப்புறம் அவ நாளும் நான்தான்."

ஜெனோவாவுக்கு அந்தத் தட்டல்கள் நினைவில் இருந்தன. பிள்ளைகள் சேட்டை என்று எத்தனையோ தடவை முறைத்திருக்கிறாள். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையா மக்கா என்று கேட்டாள்.

"மிருதுளா மட்டும் அவங்க அம்மாகிட்ட சொன்னா. காலாண்டுப் பரீச்சை நேரத்துல. உடனே அவங்க அம்மா கேட்டாங்களாம், வேன் ஆன்ட்டி வீட்டுல எங்க படுப்பாங்கன்னு. அங்கிள் கூட ஏசி ரூம்லன்னு நீங்க வேன்ல சொன்னத அவ சொல்லியிருக்கா. இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா ஆன்ட்டிக்கு வேலை போயிரும்னு அவங்க அம்மா சொன்னாங்களாம். நாங்க யாருமே சொல்லல ஆன்ட்டி."

சொல்லும்போது அஃப்ரின் முகத்தில் அவ்வளவு பெருமை. முன்னால் லிகோரி வண்டியை மெதுவாக ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. டாக்டர் பழைய பதிவைத் தோண்டியதும், சிவியர் மைல்டு ஆனதும் இந்தப் பிள்ளை வாயிலிருந்து வந்த பேச்சால்தான். காது கேட்டதைச் சொல்லத்தான் சட்டம் தடை போட்டது. பெற்ற மகள் கண்ணால் பார்த்து வந்து சொன்னதை நாலு தாய்மாருக்குச் சொல்ல எந்தச் சட்டம் குறுக்கே நின்றது? தெரிந்துகொண்டே அந்த டாக்டர் ஒரு வேன் பிள்ளைகளின் வாயையும் கட்டிப்போட்டு, தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வண்டியைத் திருப்பட்டுமா என்று லிகோரி கேட்டான்.

ஜெனோவாவுக்குத் திருப்புங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் காலையில் கழுத்துச் சுளுக்கு என்று தான் சொன்ன பொய்யும் கூடவே வந்து தொண்டையில் நின்றது. அதற்கும் எந்தச் சட்டமும் காரணம் இல்லை.

"வேண்டாம். அஃப்ரின் வீட்டுக்குப் போங்க," என்றாள்.

வேன் நின்றதும் அஃப்ரினின் அம்மா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சுளுக்கு தேவலையா என்று விசாரித்தாள். ஜெனோவா பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி, தானும் இறங்கினாள்.

"சுளுக்கு இல்லக்கா. நான் தூங்கிக்கிட்டேதான் இத்தன நாளும் உங்க பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கேன்."